கணவரின் பழைய பிரவுசர்

எங்கள் வீட்டில் இரண்டு கணினிகள். என்னுடையதில் நான்கு பிரவுசர்கள் இருக்கும். என் கணவருடையதில் ஒன்றே ஒன்று, அதுவும் வாங்கும்போது கூடவே வந்தது. இதை வைத்து எங்கள் குடித்தனத்தைப் பற்றி யாராவது ஒரு முடிவுக்கு வந்தால் நான் சண்டைக்குப் போக மாட்டேன்.

எனக்குக் காத்திருக்கத் தெரியாது. ஒரு பக்கம் திறப்பதற்குள் நடுவில் அந்த வட்டம் சுற்றத் தொடங்கினால் உள்ளங்கை அரிக்கும். குரோய்டனில் நான் வேலை செய்கிற அலுவலகத்தில் யாராவது பேச்சுவாக்கில், இந்தப் புது பிரவுசர் பறக்கிறது என்று சொன்னால் போதும். அன்று மாலை ரயிலை விட்டிறங்கி தோர்ண்டன் ஹீத் வீட்டுக்கு வந்ததும், கோட்டைக்கூடக் கழற்றாமல் அதை இறக்கிப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. கொஞ்ச நாள் எல்லாம் தேனாய் இருக்கும். பிறகு அதிலும் குறை தெரியும். ஒன்று விளம்பரங்களைத் தடுக்கிறேன் என்று வங்கிப் பக்கத்தையே தடுக்கும். இன்னொன்று கண் இமைப்பதற்குள் திறக்கும், ஆனால் தமிழ் எழுத்தைக் கட்டம் கட்டமாய்க் காட்டும். உடனே அடுத்ததைத் தேடத் தொடங்குவேன்.

இவருக்கு அந்தக் கவலையே இல்லை. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். தனக்கு வேண்டியதையெல்லாம் மேலே வரிசையாய் அடுக்கியிருக்கிறார்: வானிலை, ஊர்ச் செய்தி, கவுன்சில் குப்பை எடுக்க வருகிற நாள். ஒன்றை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருப்பார். அது யோசித்து, இருமி, எழும்பி வரும்வரை இருப்பார். பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"ஆமைகூட இதைவிடக் கெதியாப் போகும்" என்பேன்.

"போய்ச் சேருதுதானே?" என்பார்.

இவருடைய கட்சியில் இன்னொரு ஆளும் இருந்தாள். யாழ்ப்பாணத்தில் என் அக்கா. ஞாயிறு தவறாமல் வீடியோவில் வருவாள். மீன் வாங்கப் போன கதையைச் சொல்ல வேண்டுமென்றால், வீட்டைப் பூட்டித் திறப்பை எங்கே வைத்தாள் என்பதிலிருந்து தொடங்குவாள். வழியில் யாரைக் கண்டாள், அவருக்கு என்ன வருத்தம், அதற்கு எந்த மருந்து என்று எல்லா இடத்திலும் இறங்கி ஏறித்தான் சந்தைக்குப் போவாள். நான் போனைத் தண்ணீர்க் குழாயில் சாத்தி வைத்துவிட்டுக் கோப்பை கழுவிக்கொண்டிருப்பேன்.

"கெதியாச் சொல்லனக்கா."

"பொறடி. சொல்லிக்கொண்டுதானே வாறன்."

போன மாசியில் அவள் இறந்துபோனாள். நித்திரையிலேயே போய்விட்டாள். வாழ்நாளில் அவள் அவசரமாய்ச் செய்த ஒரே காரியம் அதுதான்.

அக்காவின் மகன்தான் போனில் சொன்னான். என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போயிருந்தது. அவனுக்கும் அது தெரியும்.

"சித்தி, நீங்கள் எப்பிடியும் வருவியள் எண்டால் அம்மாவை ரெண்டு மூண்டு நாள் வைச்சிருக்கலாம். ஓம் எண்டு சொல்லுங்கோ."

"வேண்டாமடா. எனக்காண்டி அக்காவைக் காக்க வைக்க வேண்டாம். எடுங்கோ" என்றேன்.

எல்லாவற்றையும் போல அதையும் சட்டென்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அக்காவின் முகத்தை நான் இனி நேரில் பார்க்கப்போவதில்லை.

ஊரில் இப்போது செத்தவீட்டுக்கும் நேரலை உண்டு. கலியாணத்துக்குக் கமரா பிடிக்கிற அதே ஆட்கள்தான் வருவார்கள். லிங்க் குடும்பக் குழுவில் வந்து விழும். வெளிநாட்டில் சிதறிக் கிடக்கிற நாங்கள் அவரவர் வீட்டில் இருந்து அழுவோம். பிறகு வீடியோவும் அனுப்புவார்கள்தான். ஆனால் அது நடந்து முடிந்த ஒன்று. அக்கா வீட்டில் இருக்கும்போதே, அவளை எடுக்குமுன், ஒருதரம் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அங்கே பின்னேரம் இரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்னார்கள். இங்கே காலை எட்டரை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு முன்னறையில் என் கணினியோடு உட்கார்ந்தேன். இவர் சாப்பாட்டு மேசையில் தன்னுடையதைத் திறந்து, அதே லிங்கை அழுத்திவிட்டு, வழக்கம்போலக் கையைக் கட்டிக்கொண்டார்.

என்னுடைய முதல் பிரவுசரில் பறைச் சத்தம் மட்டும் கேட்டது, படம் இல்லை. இரண்டாவது, தன்னைப் புதுப்பித்துக்கொண்டுதான் மற்ற வேலை என்று அடம்பிடித்தது. மூன்றாவது, சம்மதமா சம்மதமா என்று பெட்டி பெட்டியாய்க் கேட்டது. வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான்காவதில் பளிச்சென்று வந்தது. அப்பாடா என்றிருந்தது.

கமராக்காரர் பந்தலைக் காட்டினார். கதிரைகளைக் காட்டினார். சோடா கொடுக்கிறவரைக் காட்டினார். வாசலில் தொங்கிய தோரணத்தை மேலும் கீழுமாய்க் காட்டினார். "உள்ளுக்குப் போமன்" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். கால் நிலத்தில் நிற்கவில்லை. எழுந்தேன், இருந்தேன். இவர் வைத்துவிட்டுப் போன தேத்தண்ணி ஆடை கட்டியது. கடைசியில் கமரா விறாந்தையைத் தாண்டி உள்ளே போனது. பெண்களின் தலைகளுக்கு மேலால் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அதற்குக் கீழே அக்கா.

அந்த நேரம் பார்த்துப் படம் மங்கியது. அக்காவின் முகம் இருந்த இடத்தில் சதுரம் சதுரமாய் ஏதோ அசைந்தது.

சும்மா விட்டிருந்தால் தெளிந்திருக்குமோ என்னவோ. நானா விடுகிற ஆள்? பக்கத்தைப் புதிதாகத் திறந்தேன். வரவில்லை. மூன்றாவது பிரவுசருக்குத் தாவினேன். அங்கே மறுபடியும் சம்மதமா என்றது. அதை மூடினேன். முதலாவதைத் திறந்தேன். மூடினேன். திரும்ப நான்காவதற்கே வந்து ஒன்றுக்குப் பத்துத் தரம் அழுத்தினேன். கண்ணாடி போலத் தெளிவாய்ப் படம் வந்தது. வேகமான பிரவுசர் அல்லவா, அந்த நொடியில் அங்கே என்ன நடக்கிறதோ அதிலேயே கொண்டுபோய் என்னை நிறுத்தியது.

பெட்டியை மூடியிருந்தார்கள். நான்கு பேர் குனிந்து தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். அந்த நேரலையில் பின்னுக்குப் போக வழியில்லை. "ஐயோ" என்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கும் கேட்டிருக்கும். அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. கணினியைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கை அதன் மேலேயே இருந்தது.

"இஞ்சை வாரும்" என்றார் இவர், சாப்பாட்டு மேசையிலிருந்து.

"என்னத்துக்கு? எல்லாம் முடிஞ்சுது."

"இஞ்சை இன்னும் மூடேல்லை."

ஓடிப்போய்ப் பார்த்தேன். இவருடைய பிரவுசர் தொடக்கத்திலிருந்தே நின்று நின்றுதான் வந்திருக்கிறது. நின்ற ஒவ்வொரு தடவையும் விட்ட இடத்திலிருந்தே மறுபடி தொடங்கியிருக்கிறது. இவரும் எதையும் தொடவில்லை. அப்படியே பிந்திப் பிந்தி, ஊரில் நடப்பதற்கு நல்ல தூரம் பின்னால் வந்துகொண்டிருந்தது.

திரை நிறைய அக்கா இருந்தாள். நெற்றியில் திருநீறு. நான் இங்கிருந்து அனுப்பிய ஊதாச் சேலையை உடுத்தியிருந்தார்கள். "வழுக்குதடி" என்று ஒருநாளும் அவள் உடுக்காத சேலை. இப்போது ஒழுங்காய் நின்றது. வாய் கொஞ்சம் திறந்தாற்போல, ஏதோ சொல்ல வந்து இடையில் நிறுத்தினாற்போல இருந்தாள். நான் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அந்தக் காலையில் அப்போதுதான் ஒழுங்காக உட்கார்ந்தேன்.

படம் நின்றது. அவள் முகத்தின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

போன் அடித்தது. ரெய்னர்ஸ் லேனிலிருந்து மச்சாள், மாமாவின் மகள். அவளும் தன் வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்திட்டினமடி" என்று விம்மினாள். "பாத்தனியே?"

"இல்லை மச்சாள். இன்னும் எடுக்கேல்லை."

"என்னடி சொல்லுறாய்? படலையும் தாண்டியாச்சு. ரோட்டிலை போகினம்."

"இஞ்சை இன்னும் எடுக்கேல்லை" என்று சொல்லிப் போனை வைத்தேன்.

முன்னறையில் என் கணினியிலிருந்து பறைச் சத்தம் கேட்டுக்கொண்டேயிருந்தது. எட்டிப் பார்த்தேன். மச்சாள் சொன்னது சரிதான். கமரா ஆண்களோடு சேர்ந்து சுடலை ரோட்டில் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்கள் தெருவாசல் படலையோடு நின்றுவிடுவார்கள், சுடலைக்குப் போவதில்லை. ஊரில் இருந்திருந்தால் நானும் படலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருப்பேன். என் பிரவுசர் என்னையும் இழுத்துக்கொண்டு அதற்கு அப்பால் போயிருந்தது. அதை நிறுத்திவிட்டுச் சாப்பாட்டு மேசைக்குத் திரும்பி வந்தேன்.

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் அக்கா அப்படியே இருந்தாள்.

"நிண்டுபோச்சுப் போலை" என்றார் இவர். எதற்கும் அவசரப்படாத மனுசன் எனக்காக அவசரப்பட்டார். "ஒருக்காப் புதுசாத் திறந்து விடட்டோ?"

"தொடாதையுங்கோ."

"வராட்டி?"

"வராட்டி இருக்கட்டும். சுத்தட்டும்."

இவர் கையை எடுத்துக்கொண்டார். உள்ளங்கை அரிக்கும் என்று பார்த்தேன். அரிக்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று தெரியாது. வெளியே குப்பை லொறி வந்து போனது. இந்த வட்டம் நிற்கவே கூடாது என்று நான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் படம் அசைந்தது. ஒவ்வொருவராய் வந்து வாய்க்கரிசி போட்டார்கள். அக்காவின் மகன் குனிந்து அவள் காதருகில் ஏதோ சொன்னான். பெட்டியை மூடினார்கள். இந்த முறை மூடுவதைப் பார்த்தேன், முழுவதும் பார்த்தேன், கதறி அழுதேன். இவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தூக்கினார்கள். கமரா விறாந்தையைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, முற்றத்தில் பெட்டிக்குப் பின்னால் போனது. பெண்கள் தலைவிரிகோலமாய்க் கூடவே ஓடினார்கள்.

படலை வந்தது. நான் எழுந்து நின்றேன். பெண்கள் நின்றார்கள். பெட்டி அவர்களைத் தாண்டி வெளியே போனது. கமராவும் அதன் பின்னால் போகத் திரும்பியது. நான் கையை நீட்டிக் கணினியை மூடினேன்.

"ஏன், இன்னும் முடியேல்லையே?" என்றார் இவர்.

"பொம்பிளையள் இதுக்கு அங்காலை போறேல்லை" என்றேன்.