நான்காவது பேரிங்

இன்ஜினைப் பிரித்துப் பார்த்துக் காரணம் சொல்வதில் எனக்குத் திமிர் அதிகம். செங்கல்பட்டுப் பக்கம் எந்த லாரி இன்ஜின் படுத்தாலும், கடைசியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் சொன்னால் சொன்னதுதான். அன்றைக்கும் அந்தத் திமிரோடுதான் ஸ்பேனரை எடுத்தேன்.

என் பட்டறை மாமல்லபுரம் போகிற கடற்கரைச் சாலையில் இருக்கிறது. மத்தியானக் காற்று கிளம்பினால் சோற்றிலும் மணல், கண்ணிலும் மணல். இன்ஜினைத் திறந்து போட்டால் ஆயில் போகிற துளைகளிலும் இறங்கிவிடும். அதனால் இந்தப் பக்கத்து மெக்கானிக்குகள் பழைய லுங்கியைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு துளையிலும் அடைத்து வைப்போம். பூட்டும்போது எண்ணி எடுத்துவிட வேண்டும். ஊருக்குள் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது.

அது மீன் ஏற்றுகிற லாரி. இன்ஜினை முழுதாகப் புதுப்பித்துக் கொடுத்தவன் நான். பத்தே நாளில் கேளம்பாக்கம் தாண்டி நின்றுவிட்டது. ஓட்டியவன் பக்கத்துக் குப்பத்துக்காரன், இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், கடலுக்குப் போவதை விட்டு ஸ்டீயரிங் பிடித்தவன். கட்டி இழுத்து வந்ததில் அடியில் ஆயில் தேங்கும் சம்ப் அடிபட்டுப் பாதி ஆயில் சிந்தியிருந்தது. லாரிக்குச் சொந்தக்காரர் அவன்மேல் பாய்ந்தார். ஆயில் பார்க்காமல் ஓட்டியிருக்கிறான், அது மட்டும் உறுதியானால் இந்த லைனில் எவனும் அவனுக்கு வண்டி தரமாட்டான் என்று கத்தினார்.

"ஆயிலு மீட்டரு கரீட்டாத்தான் காட்டிகினு இருந்துச்சி அண்ணாத்த" என்று அவன் என்னிடம் சொன்னான்.

மிச்ச ஆயிலை வடித்து வெயிலில் பிடித்தேன். ஜரிகை மாதிரி மின்னியது. பேரிங் தேய்ந்து உதிர்ந்த தூள். இன்ஜினை இறக்கிக் கவிழ்த்துப் போட்டு, சுழலும் கிராங்க் தண்டைத் தாங்கும் ஏழு பேரிங்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் ஏழும் வெந்திருக்கும். ஆறு நன்றாகவே இருந்தன. நான்காவது மட்டும் கருகிப்போயிருந்தது. அப்படியென்றால் ஆயில் இருந்திருக்கிறது, அந்த ஒரு இடத்துக்கு மட்டும் போகவில்லை. அவன்மேல் தப்பே இல்லை. சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கை பழக்கதோஷத்தில் அந்த பேரிங்குக்கு ஆயில் போகிற துளைக்குள் கம்பியை விட்டுவிட்டது.

ஆயிலில் ஊறிச் சுருண்ட துணி வந்தது. நீலக் கட்டம். என் லுங்கி.

எண்ணாமல் பூட்டியிருக்கிறேன். அன்று லாரிக்காரர் தலைமேல் நின்று அவசரப்படுத்தினார் என்று சொல்லலாம், ஆனால் அது சாக்கு. முதலில் துணி வழியாகக் கொஞ்சம் ஆயில் கசிந்திருக்கும். போகப் போக இறுகி அடைத்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. வண்டி நிற்பதற்கு முந்தின நாள் அவன் எனக்குப் போன் செய்தான். "கீழ டொக்கு டொக்குன்னு சத்தம் வருது அண்ணாத்த, ஓட்டட்டா?" என்றான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "புது இன்ஜினுடா, செட்டாவும், ஓட்டு" என்று வைத்துவிட்டேன்.

"இன்னாச்சி?" என்று லாரிக்காரர் சேரைவிட்டு எழுந்து வந்தார்.

துணியைக் கைக்குள் பொத்திக்கொண்டேன். "ஆயில் பாக்காம ஓட்டிக்கீறான்" என்றேன். மற்ற ஆறும் ஏன் கெடவில்லை என்று கேட்க அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அந்த நேரத்தில் வெட்கம்கூட வரவில்லை, பயம் மட்டும்தான் இருந்தது. போன் விஷயத்தை அவன் இப்போது போட்டு உடைக்கப்போகிறான் என்று காத்திருந்தேன். அவனோ சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தான்.

ஆறு மாதம் கழித்து ஐஸ் கம்பெனி வாசலில் அவனைப் பார்த்தேன். யாருடைய லாரிக்கோ ஐஸ் பார் ஏற்றிக்கொண்டிருந்தான். நழுவப் பார்த்தேன். அவனே கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தான்.

"அன்னிக்குக் காலையில ஆயிலு பாத்த மாதிரிதான் ஞாபகம் கீது அண்ணாத்த. ஆனா நீ சொன்னா கரீட்டாத்தான் இருக்கும். நான்தான் வுட்டுட்டேன்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்குப் போன் பண்ணத மட்டும் யாராண்டயும் சொல்லல. உன் பேரு எதுக்குக் கெடணும்?"

அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.