டார்ச் வெளிச்சத்தில் இரண்டு அட்டைகள்

என் சித்தப்பா மகள் செலின் பாரிஸிலிருந்து விடுமுறைக்கு எங்கள் ஊர் நெரவிக்கு வந்திருந்தாள். சிறுவயதில் அங்கே வாங்கிய போக்கிமான் கார்ட்டூன் விளையாட்டு அட்டையைக் கொண்டுவந்திருந்தாள். இப்போது அதற்கு நல்ல விலையாம். எல்லோரும் அதைக் கையில் வாங்கி வாங்கிப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

“போலி நிறைய சுத்துதாம். சோதிச்சுப் பாத்துடுவமே” என்றேன்.

அசல் அட்டையின் தாள் அடுக்குகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புப் படலம் இருக்கும், டார்ச் வெளிச்சம் எளிதில் ஊடுருவாது என்று படித்திருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க என் அட்டையையும் எடுத்துவந்தேன். பாரிஸ் போன கூட்டாளியிடம் சொல்லி அப்பா எனக்காக வரவழைத்தது அது.

“பாப்பாவோடது அசல்தான். நான் சொல்லி வாங்குனதாச்சே” என்றார் அப்பா.

செலினும் நானும் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, என் கைப்பேசி டார்ச்சை இரண்டின் பின்னாலும் பிடித்துப் பார்த்தோம். அவளுடையது இருட்டாகவே இருந்தது. என்னுடையது விளக்குப்போல ஒளிர்ந்தது. நான் திகைத்து நிற்கையில் செலின் சட்டென்று டார்ச்சை அணைத்தாள்.

“ரெண்டும் அசல்தான் பெரியப்பா” என்றாள். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

அவள் அட்டைமேல் எனக்கு இப்போது ஆசையில்லை. ஆனால் என் அப்பா மனசு நோகக் கூடாதென்று எனக்கு முன்னால் அவள் நினைத்தாளே, அந்தப் பொறாமை மட்டும் இன்னும் போகவில்லை.