சிப்புக்குத் தெரிந்தது

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் சொல்வார்கள். வரட்டும். இந்த ஒரு விஷயத்தில் வந்த கோபம் இன்னும் இறங்கவில்லை. இறங்கவும் வேண்டாம்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு சில வருஷம் சென்னை ராயபுரத்தில் ஒரு ஆராய்ச்சி லேபில் டெக்னீஷியனாக இருந்தேன். குப்பம் குப்பமாகப் போய் ரத்தம் எடுத்து வருவதுதான் என் முக்கால்வாசி வேலை. அப்போது எங்களுக்கு ஒரு புது மெஷின் வந்தது. சூட்கேஸ் அளவுதான் இருக்கும். அதில் செருகுகிற சிப் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. சிப்பின்மேல் பொட்டுப் பொட்டாகத் தங்கம், ஒவ்வொரு பொட்டிலும் ஒவ்வொரு வைரஸின் டி.என்.ஏ. இழை. ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, பெருக்கி, அதன்மேல் விடுவோம். தன் ஜோடி கிடைத்தால் இழை பிடித்துக்கொள்ளும். உடனே அந்தப் பொட்டில் மின்சாரம் மாறும், கம்ப்யூட்டரில் கோடு எகிறும். இந்த ரத்தத்தில் இன்ன வைரஸ் இருக்கிறது என்று அர்த்தம். முதல் தடவை கோடு எகிறியபோது எனக்குப் புல்லரித்தது. அந்த மெஷின்மேல் இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

கோபமெல்லாம் அதை வைத்திருந்த ஆள்மேல்தான். லேபின் தலைவர். எல்லோரும் சார் என்போம். கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்கிற காமாலை வைரஸை சிப் சரியாகக் கண்டுபிடிக்கிறதா என்பது அவருடைய ஆராய்ச்சி. தாய்க்கு அது இருந்தால் பிரசவத்தின்போது குழந்தைக்குத் தொற்றிவிடும். பிறந்த அன்றே ஊசி போட்டால் பெரும்பாலும் தடுத்துவிடலாம். விட்டால் ஈரலில் ஆயுசுக்கும் உட்கார்ந்துகொள்ளும். இத்தனையும் தெரிந்துதான் கர்ப்பிணிகளைத் தேடிப் போனோம். ஆனால் ரிசல்ட்டை அவர்களிடம் மூச்சுவிடக் கூடாது என்பது சார் போட்ட சட்டம். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது அவருடைய அலமாரியில் பூட்டிக் கிடக்கும். ரகசியம் காக்கிறோமாம். யாரிடமிருந்து? ரத்தம் கொடுத்தவளிடமிருந்தே!

எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அன்று காலைதான் வளைகாப்பு முடிந்திருந்தது. இரண்டு கையிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கண்ணாடி வளையல். மேலே தள்ளவும் இடமில்லை, கீழே தள்ளவும் இடமில்லை. நாலைந்தைக் கழற்றச் சொன்னேன். பக்கத்தில் நின்ற மாமியார் சீறினார்.

"கொயந்த பொறக்காம கயிட்டக் கூடாது நர்சம்மா. கீற எடத்துல குத்து."

குத்தினேன். நரம்பு நழுவிக்கொண்டே போனது. பாதிக் குழாய்தான் தேறியது. அவள் பஞ்சை அழுத்திக்கொண்டு கேட்டாள்.

"யக்கா, ரிசல்ட்டு எப்போ வரும்?"

"சார்தான் சொல்லணும்மா" என்றேன். சார் சொல்லமாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பாதிக் குழாய்க்குத்தான் கோடு எகிறியது. காமாலைப் பொட்டில், சந்தேகத்துக்கே இடமில்லாமல். ஒப்பிட்டுப் பார்க்க அதே ரத்தத்தைச் சாதாரண அட்டைச் சோதனையிலும் போடுவோம். அட்டை, இல்லை என்றது. அந்தச் சோதனை அட்டைகள் கரண்ட் போய்ப் போய் வந்த அறையில் சூட்டில் வெந்து கெட்டுக் கிடந்தது லேபில் எல்லோருக்கும் தெரியும். எண்ணூர் அனல் மின் நிலையத்துச் சாம்பல் எங்களுக்கு, கரண்ட் மற்ற ஊருக்கு.

சார் ஒரு பார்வை பார்த்தார். "பாதிக் குழாய். இதைக் கணக்குல சேக்காதீங்க."

"சார், ரத்தம் கொறைஞ்சா இருக்கற வைரஸ் தெரியாமப் போகலாம். இல்லாத வைரஸ் எப்படி சார் வரும்?"

"எனக்குத் தெரியாதாம்மா?" சிரித்தார். "சிப் இருக்குங்குது, அட்டை இல்லைங்குது. சேத்தா சிப் தப்பு பண்ணுச்சுன்னு ஆயிடும்."

"அப்ப அந்தப் பொண்ண மறுபடி டெஸ்ட் பண்ணலாமே?"

"இன்னும் அங்கீகாரம் வராத மெஷின். இதை வச்சு ஜனங்களைப் பயமுறுத்த முடியாது. நீங்க உங்க வேலையைப் பாருங்க."

தெரிந்தே சொல்கிறார்! ஒரு குழந்தையின் ஈரலைவிட இவருடைய சிப்பின் மானம் பெரிசாகப் போய்விட்டது. பெயரைக் கேட்டேன், கொடுக்கவில்லை. போகட்டும். அன்றைக்குக் குழாய் பாதியில் நின்றது ஒருத்திக்குத்தான். அவள் முகம் தெரியும், குப்பம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை எண்ணூருக்கு ரயிலேறினேன்.

மாமியார் வாசலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தார். மருமகளைக் கேட்டேன்.

"அவ அம்மா வூட்டுக்குப் பூட்டாளே. வளகாப்பு ஆனா அனுப்பத்தான வோணும்?"

"அம்மா வீடு எங்கம்மா?"

"காசிமேடு."

காசிமேடு! என் லேபிலிருந்து நடந்து போகிற தூரம். அவள் பக்கத்துத் தெருக்களில் படுத்துக் கிடந்திருக்கிறாள், அவளுடைய எண் அலமாரியில் படுத்துக் கிடந்திருக்கிறது. சட்டமாவது மண்ணாவது என்று அந்தம்மாவிடம் ஒன்று விடாமல் கொட்டினேன். கையிலிருந்த கருவாட்டை அவர் கீழே போட்டார்.

"முந்தாநேத்துதான் கொயந்த பொறந்துச்சி" என்றார். "ஆம்பளப் புள்ள."

அவர்தான் என்னைக் கிளப்பினார். காசிமேட்டுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தாயின் ரத்தத்தைப் பார்த்தார்கள். வைரஸ் இருந்தது. குழந்தைக்கு ஊசி போட்டார்கள். "பொறந்த அன்னிக்கே போட்டிருந்தா தைரியமா ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன்" என்றார் அங்கிருந்த டாக்டரம்மா. "இனிமே அவன் கொஞ்சம் வளந்தப்புறம் டெஸ்ட் பண்ணித்தான் தெரியும்."

மறுநாள் காலை அந்தம்மா மருமகளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு லேப் வாசலுக்கே வந்துவிட்டார். "எங்க குந்திகினு கீறான் அந்தாளு? காட்டு" என்றார். காட்டினேன். கதவைத் திறந்து வழியும் விட்டேன்.

"யாரைக் கேட்டு உள்ள விட்டீங்க?" என்று சார் என்மேல் பாய்ந்தார்.

அந்தம்மா மேஜையில் தட்டினார். "எம் மருமவ ரத்தத்துல சீக்கு கீதுன்னு உனுக்கு முன்னாடியே தெரியுமா, தெரியாதா? அத்த மட்டும் சொல்லு."

அவர் அங்கீகாரம், ஆராய்ச்சி முறை என்று இழுத்தார். எனக்குத் தாங்கவில்லை. "ஆஸ்பத்திரியில உறுதியாயிடுச்சு சார். இவங்களுக்கு இருக்கு" என்று போட்டு உடைத்தேன்.

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அந்த மனுஷன் முகம் மலர்ந்தது.

"அப்ப சிப் சொன்னது கரெக்ட்!" என்றார். "அந்த சாம்பிளைக் கணக்குல சேத்துடுங்க." அப்புறம்தான் குழந்தை அவர் கண்ணில் பட்டது. எட்டிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "கொழந்தைக்கும் ஒரு சாம்பிள் எடுத்துடுங்களேன்."

அந்தப் பெண் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்து மூடிக்கொண்டாள். மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எடுத்துட்டு?" என்றார். "அத்தயும் எங்களாண்ட சொல்ல மாட்டியே!"