நாலடி பத்து அங்குலமும் ஏழு பேர் வண்டியும்

கண்ணபிரான் சார், நீங்கள் என் உயரத்தைக் காட்டி ஊரை ஏமாற்றினீர்கள்.

நான் ரிட்டையர் ஆன அன்று எனக்கு மாலை போட்டு வழியனுப்பினீர்களே, அப்போதே இதைச் சொல்லியிருக்க வேண்டும். கையில் பெரிய குத்துவிளக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டீர்கள். அதைக் கீழே போடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரும்பாடாக இருந்தது. இப்போது கை சும்மா இருக்கிறது, எழுதுகிறேன்.

என் பெயர் மாலதி. புதுக்கோட்டையில் ஒரு கார் ஷோரூமில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன், பெரும்பாலும் சேல்ஸில். கண்ணபிரான் அங்கே மேனேஜராக இருந்தவர், இப்போது ஏரியா மேனேஜர். ஷோரூம் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளும், மூன்று வரிசை சீட் உள்ள பெரிய வண்டி வாங்கப்போகிற குடும்பங்களும் இதைப் படிக்கட்டும். அவரும் படிக்கட்டும்.

1. இன்டர்வியூ

இன்டர்வியூவில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி படிப்பைப் பற்றியது அல்ல.

"ஹைட் எவ்வளவும்மா?"

"நாலடி பத்து சார்."

"ரொம்ப நல்லது. நாளைக்கே ஜாயின் பண்ணிக்கங்க."

குள்ளமான பெண்ணுக்கும் வேலை கொடுக்கிற நல்ல மனுஷன் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போய் அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். எதற்காக எடுத்தார் என்பது ஷோரூமுக்கு முதல் மூன்று வரிசை வண்டி வந்தபோதுதான் தெரிந்தது. "மாலதி, பின்னால போய் உக்காரு" என்றார். உட்கார்ந்தேன். "கால நீட்டு." நீட்டினேன். "சிரி." சிரித்தேன். வந்திருந்த கஸ்டமர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, தாராளமா இருக்கே" என்றார்.

அன்றிலிருந்து மூன்றாவது வரிசை என் வரிசை.

தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இனி எனக்கு என்ன பயம். நடு வரிசை சீட் முன்னும் பின்னும் நகரும். மூன்றாவது வரிசையைக் காட்டும்போது நடு வரிசையை முழுக்க முன்னால் தள்ளிவிடுவோம். நடு வரிசையைக் காட்டும்போது அதை முழுக்கப் பின்னால் இழுத்துவிடுவோம். டிக்கியைக் காட்டும்போது மூன்றாவது வரிசையை மடித்துவிடுவோம். மூன்றையும் ஒரே சமயத்தில் காட்டவே மாட்டோம். காட்டினால் வண்டிக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கஸ்டமருக்குத் தெரிந்துபோகும்.

2. கீரமங்கலத்துக் குடும்பம்

சோலையப்பன் கீரமங்கலத்தில் பூ கமிஷன் கடை வைத்திருப்பவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், மனைவி தமிழரசி, இரண்டு வயது மகள் யாழினி, அக்கா, அப்பா என்று குடும்பத்தோடு வந்தார்.

அப்பா நேராக ஸ்டீயரிங்குக்குப் போய் ஹாரனை அடித்தார். "சத்தம் பத்தலையே" என்று இறங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் எதையும் பார்க்கவில்லை. அக்கா ஒவ்வொரு கதவாகத் திறந்து சாத்தி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். யாழினிக்கு மேலே திறக்கிற கண்ணாடி வேண்டும். தமிழரசி மட்டும் எதையும் தொடாமல் நின்றார்.

"நீங்க என்ன பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"எங்கண்ணன் ஒக்காருவாகளான்னு பாக்குறேன்."

விஷயம் இதுதான். யாழினிக்கு வைகாசியில் காது குத்து. நார்த்தாமலையில் அவர்கள் குலசாமி கோயிலில். தாய்மாமன் மடியில் பிள்ளையை வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் ரெங்கசாமியோ இந்த வீட்டுப் படியேறி மூன்று வருஷம் ஆகிறது. காரணம், புதுமனை புகுவிழாவுக்கு அவரை அழைத்துவரப் போன கார் வழியில் நின்றுவிட்டது. சோலையப்பன் அவசரத்துக்குப் பூ ஏற்றி வந்த மினி லாரியை அனுப்பிவிட்டார். முன்னால் டிரைவரும் கணக்கரும். பின்னால் பூக்கூடைகளோடு மாமனும் அவர் கொண்டுவந்த சீரும். விழா வீட்டு வாசலில், ஊரே பார்க்க, பின்பக்கப் பலகையைத் திறந்து அவரை இறக்கியிருக்கிறார்கள். தலையில் கனகாம்பரம் ஒட்டியிருந்ததாம். அப்படியே திரும்பிப் போனவர்தான். யாழினி பிறந்தது அதற்குப் பிறகு. மாமன் அவளை ஒரு தடவைகூடத் தூக்கியதில்லை.

"இந்தத் தடவ புது வண்டியில அவரு வாசலுக்கே போயி ஏத்திட்டு வாரேன்" என்றார் சோலையப்பன். "மச்சான் ஆறடி ஒசரம் சார். மரியாதையா ஒரு சீட்டு வேணும். முன்னாடி அப்பா ஒக்காரும், அதுக்கு முட்டி மடங்காது. நடுவுல பொம்பளைகளும் பிள்ளையும். அப்ப மச்சானுக்கு?"

கண்ணபிரான் சாருக்குக் கண் பளபளத்தது.

"சார், மூணாவது வரிசைதான் விஐபி சீட். தனி ஏசி, தனி சார்ஜர், தனி கப் ஹோல்டர். யாரும் இடிக்க மாட்டாங்க. முன்னாடி டிரைவர் பக்கத்துல உக்கார்றவரு கிளீனர் மாதிரி. பின்னாடி உக்கார்றவருதான் ஓனர்."

முன்சீட்டில் உட்காரப்போகிற அப்பா இதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். சார் கவனிக்கவில்லை.

"ஆறடி ஆளுக்குச் சரிவருமா?" என்று தமிழரசி என்னைப் பார்த்துக் கேட்டார். சாரைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார். அதனால்தான் இதை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் சார், "மாலதி, உக்காந்து காட்டு" என்றார். போனை எடுத்து வீடியோ பிடித்தார். நான் காலை நீட்டினேன், சிரித்தேன். "மச்சானுக்கு அனுப்பி வைங்க சார்" என்று சோலையப்பனுக்கு அதைத் தட்டிவிட்டார்.

அழைப்பிதழோடு வீடியோவும் போனது. சாயங்காலம் ரெங்கசாமியிடமிருந்து பதில் வந்ததாகச் சோலையப்பன் ஷோரூமுக்கே போன் செய்தார். மூன்று வருஷத்தில் மச்சான் அனுப்பிய முதல் பதில், ஒரு கட்டைவிரல் படம். மறுநாள் வண்டி புக் ஆனது.

3. நார்த்தாமலை

காது குத்து அன்று காலை ஒன்பதரைக்கு எனக்குப் போன்.

"மேடம், நடு சீட்டு மடங்க மாட்டேங்குது. அத மடிச்சாத்தான மச்சான் எறங்க முடியும், பின்னால மாட்டிக்கிட்டாரு. பத்தரையோட நல்ல நேரம் முடியுது."

சாரிடம் சொன்னேன். "சர்வீஸ்ல கம்ப்ளைன்ட் போடச் சொல்லு" என்றார். நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

கோயில் வாசல் வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. சுற்றி ஐம்பது பேர். டிக்கி முழுக்க அரிசி மூட்டை, விளக்கு, தாம்பாளம். மூன்றாவது வரிசை நிமிர்ந்திருந்ததால் பலாப்பழத்துக்கு அங்கே இடமில்லை. அது மாமன் கொண்டுவந்த சீர். அதைப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டிருக்கிறார்கள். ஏழு பேர் வண்டியில் ஆறு பேரும் ஒரு பழமும். ஆலங்குடி வேகத்தடையில் வண்டி குதித்ததும் பழம் பெல்ட்டுக்கு அடியில் நழுவிக் கீழே விழுந்து, நடு சீட்டின் கொக்கிக்கும் ரெங்கசாமியின் காலுக்கும் நடுவில் ஆப்பு அடித்தாற்போல் இறங்கிவிட்டது. அக்கா தன் வசதிக்கு நடு வரிசையை முழுக்கப் பின்னால் இழுத்திருந்தார். ஷோரூமில் நாங்கள் அப்படித்தானே காட்டினோம்.

குனிந்து உள்ளே பார்த்தேன். இரண்டு முழங்கால், அவற்றுக்கு மேலே ஒரு மீசை. அவ்வளவுதான் தெரிந்தது.

"வீடியோவுல கால நீட்டிச் சிரிச்ச பொண்ணு நீதானா?" என்றது மீசை.

"ஆமாண்ணே."

"எங்க, எந்திரிச்சு நில்லு பாப்பம்."

"நின்னுக்கிட்டுத்தாண்ணே இருக்கேன்."

முழங்கால்களுக்கு இடையிலிருந்து இரண்டு கண்கள் என்னை மேலிருந்து கீழ்வரை அளந்தன.

"அது சரி" என்றார்.

"டிக்கியத் தொறந்து, பக்கத்து சீட்ட மடிச்சு, பின்பக்கமா எறக்கிரலாம்ணே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. சோலையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பின்பக்கமாவா? அன்னைக்கும் பின்பக்கந்தான், இன்னைக்கும் பின்பக்கந்தானா? நான் என்ன பூக்கூடையா? தமிழு, கேட்டுக்க. கதவு வழியா ஏறுனேன், கதவு வழியாத்தான் எறங்குவேன்."

"மச்சான், சத்தியமா அத விஐபி சீட்டுன்னாங்க மச்சான்."

"எந்த ஊரு விஐபி மாப்ள முழங்கால நாடியில முட்டுக்குடுத்து ஒக்காருவான்?"

"பழத்த வெட்டி எடுத்தா?" என்றேன்.

அக்கா பாய்ந்து வந்தார். "சீர்ப் பழத்த சாமிக்கு வைக்காம வெட்டுறதா? யாரும்மா நீ?"

காது குத்த வந்த ஆசாரி வாட்சைப் பார்த்தார். "சீக்கிரம் முடிவு பண்ணுங்கப்பா. கொடும்பாளூர்ல இன்னும் ரெண்டு காது எனக்காகக் காத்துக்கிட்டு இருக்கு."

தமிழரசி அழவில்லை, திட்டவும் இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அண்ணன் மறுபடியும் கோபித்துக்கொண்டு போனால், அது இந்தப் பிறவிக்குத் தீராது. அவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் சிரிப்பைத்தான் பதிலாகக் கொடுத்திருந்தேன்.

மடியை வெளியே கொண்டுவர முடியாது. காதை உள்ளே கொண்டுபோகலாம்.

"தமிழரசி, பாப்பாவ நடு சீட்டு மேலயே அண்ணன் மடிக்குக் குடுங்க. ஆசாரி, நீங்க டிக்கி வழியா ஏறுங்க."

"நானா? டிக்கியிலயா?"

"ஏன், நீங்களும் மாமனா?"

ஆசாரி வேட்டியை மடித்துக் கட்டினார். அரிசி மூட்டையை இறக்கினோம். பழம் விழுந்ததால் காலியாக இருந்த பக்கத்து சீட்டை மடித்தேன். ஆசாரியின் இடுப்புக்கு மேலே வண்டிக்குள், கீழே வண்டிக்கு வெளியே. யாழினி, அன்று காலைவரை பார்த்திராத மாமனின் மீசையைப் பிடித்துக்கொண்டாள். முதல் காது. பிள்ளை போட்ட கூச்சலில் பக்கத்து மரத்துக் காக்கைகள் எழுந்து போயின. இரண்டாவது காது. இப்போது அழுதது பிள்ளை மட்டுமில்லை.

"ஒனக்குத்தான் காது குத்துச்சு, மாமன் ஏன் அழுவுறேன்?" என்று கேட்டுக்கொண்டே அழுதார் ரெங்கசாமி.

மணி பத்து இருபத்தைந்து.

பூசாரி தீபாராதனைத் தட்டைக் கார் கதவு வரை கொண்டுவந்து, கீழே கிடந்த பழத்துக்கும் காட்டினார். அதற்கப்புறம் வெட்டினார்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சோலையப்பன் தரையில் மண்டியிட்டு, மச்சானின் கால்களுக்கு நடுவிலிருந்து சுளை சுளையாக எடுத்து வெளியே கொடுக்க, நின்றிருந்த ஐம்பது பேரும் சாப்பிட்டோம். புது சீட்டில் எல்லாம் பலாப் பால். கொக்கி விட்டது. சீட் மடங்கியது. ரெங்கசாமி பிள்ளையோடு, கதவு வழியாக, மரியாதையாக இறங்கினார். இறங்கிய வேகத்தில் நிற்க முடியாமல் சோலையப்பன் தோளைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்துப்போனதால் பிடித்தார். கால் சரியான பிறகும் கையை எடுக்கவில்லை.

4. அப்புறம்

மறுநாள் சாரிடம் போய், "சார், ஒரே ஒரு தடவ நீங்க மூணாவது வரிசையில உக்காருங்க" என்றேன்.

"எனக்கு இடுப்பு வலி மாலதி."

"அப்ப கஸ்டமருக்கு?"

"அவங்க வாங்கிட்டாங்கல்ல?"

அதன் பிறகு நான் உட்கார்ந்து காட்டவில்லை. வருகிற குடும்பத்திடம் முதலில் ஒன்றைக் கேட்பேன்: "உங்க வீட்ல ஒசரமான ஆளு யாரு? அவரக் கூட்டிட்டு வாங்க." மூன்று வரிசையையும் நிமிர்த்தி வைப்பேன். முன்னால் ஓட்டுகிறவர், அவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்கும் பின்னால் அந்த உயரமான ஆள். மூவரும் ஒரே நேரத்தில் உட்கார வேண்டும். டிக்கியில் வீட்டுப் பையை வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கதவைச் சாத்தி, டெஸ்ட் டிரைவ் ஒரு வேகத்தடையாவது தாண்டிப் போய்வர வேண்டும். சன்ரூஃபும் டச் ஸ்கிரீனும் அப்புறம். சிலர் வாங்காமல் போனார்கள். சிலர் இரண்டு வரிசை வண்டியே போதும் என்றார்கள். வாங்கியவர்கள் ஒருவரும் எனக்குக் கோயிலிலிருந்து போன் செய்யவில்லை. இரண்டே மாதத்தில் என்னை இன்சூரன்ஸ் ரினியூவல் மேஜைக்கு மாற்றினார்கள். அந்த மேஜைக்கு அடியில் கால் நீட்ட நல்ல இடம் இருந்தது.

புதுப் பிள்ளைகளே, நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். விற்கிற சீட்டில் யார் உட்காரப்போகிறார் என்று தெரியாமல் சிரிக்காதீர்கள்.

சோலையப்பன் வண்டி இப்போதும் ஓடுகிறது. மூன்றாவது வரிசை மடித்தே கிடக்கிறது, அதில் பூக்கூடை போகிறது. ரெங்கசாமி வந்தால் அப்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு நடு சீட்டுக்கு மாறிக்கொள்கிறார். மச்சான் முன்னால் உட்காருகிறார்.

கண்ணபிரான் சார், இப்போது உங்களுக்கு. நீங்கள் இன்றைக்கும் மைக்கைப் பிடித்து, "ஏழு பேர் சொகுசா போகலாம்" என்று பேசுகிறீர்களாம். ஏழாவது ஆள் யார்? அந்த சீட்டில் வாழ்க்கையில் ஒரு தடவையாவது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்களா? இல்லையென்றால், கீரமங்கலத்திலிருந்து நார்த்தாமலை வரைக்கும் உட்கார்ந்து வாருங்கள். சோலையப்பன் வண்டி தருகிறேன் என்கிறார். ரெங்கசாமி பலாப்பழம் தருகிறேன் என்கிறார். வந்து இறங்கியதும் எனக்குப் போன் செய்ய வேண்டாம், தனியாகக் கூப்பிட்டுப் பேசவும் வேண்டாம். ஷோரூம் வாசலில், வண்டி வாங்க வந்திருக்கிற குடும்பங்களுக்கு முன்னால், அதே மைக்கில் பதில் சொல்லுங்கள்.