சாமியைத் திட்டச் சொன்னேன்

சில வருடங்களுக்கு முன்பு ஒரு மார்கழிக் காலை. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். அப்போது நான் கிறிஸ்தவ இறையியலில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது கருங்குழி பக்கம், வாழ்க்கைப்பட்டது மாமல்லபுரத்தில். எங்கள் அப்பா வழியில் எல்லோரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அதனால் நான் கடவுளைப் பற்றி ஆராய்ச்சி செய்வதை அம்மா சபை முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். அம்மாவுக்குத் தெரியாதது ஒன்றுதான். ஆராய்ச்சியில் இறங்கிய பிறகு எனக்கு ஜெபமே வரவில்லை. கண்ணை மூடினால் அடிக்குறிப்புகள்தான் வரும். இதில் என் ஆய்வுத் தலைப்போ, பதில் கிடைக்காத ஜெபங்களைப் பற்றியது. சிரிப்பதா அழுவதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அன்று சென்னையில் எனக்கு, பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரெயத்தில் பரீட்சை. ஏற்கெனவே ஒரு முறை கோட்டை விட்டிருந்தேன். செங்கல்பட்டில் இறங்கி ரயில் பிடிக்க வேண்டும். வெளியே ஒரே பனி. எது வயல், எது ஏரி என்று தெரியவில்லை. பனைமரங்கள் தலை மட்டும் காட்டிவிட்டு மறைந்தன. குளிருக்குத் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மனப்பாடம் செய்த சொற்களை முணுமுணுத்தபடி வந்தேன். பாதித் தூக்கம். வாய் மட்டும் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பஸ் ஆடிய ஆட்டத்தில், என் குரலே தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் எனக்குக் கேட்டது. பயமெல்லாம் போய், இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

நடுவில் "ஆமேன்" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். கனவு என்று நினைத்து அடுத்த சொல்லுக்குப் போனேன். அதற்கும் ஒரு ஆமேன். கண்ணைத் திறந்தால், பக்கத்து இடத்தில் ஒரு அக்கா. நெற்றி நிறையக் குங்குமம். மடியில் ஒயர் கூடை, அதில் ஃப்ளாஸ்க்கும் மடித்த பழைய புடவைத் துணிகளும். இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் கண்ணு நிறுத்திட்ட? சொல்லு. எங்க பக்கத்து வூட்டு அக்காவும் இப்டித்தான், புரியாத பாஷைல ஜெபம் பண்ணும். எம்பொண்ணுக்கு இன்னிக்கி பெரிய ஆஸ்பத்திரில ஆப்ரேசன். மொத பிரசவம், பிரஷர் ஏறிகினே கீது. எம்பொண்ணு உசுரோட வந்தா போதும்னு நானும் உன்கூடவே கேட்டுகினு வரேன்."

எனக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை. ஏனென்றால் நான் சொல்லிக்கொண்டு வந்தது பைபிளில் சாபங்கள் வரும் ஒரு அதிகாரத்தின் சொற்கள். காய்ச்சல், கொப்புளம், சொறி, குருடு, வெட்டுக்கிளி. அத்தனைக்கும் இந்த அக்கா ஆமேன் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

"அக்கா, இது ஜெபம் இல்லக்கா. பரீட்சைக்குப் படிச்சிட்டு வரேன்."

"சாமி படிப்புதான?"

"ஆமா."

"அப்புறம் இன்னா? உனக்குத் தெரிஞ்சத கேளு. ஒரே ஒரு வார்த்த."

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுக்க வரிசையாக வந்து நின்றது, ஒரு ஜெபம் வரவில்லை. அவர் கூப்பிய கையை இறக்கவே இல்லை. கடைசியில், "ஆண்டவரே, இந்த அக்காவோட பொண்ணை உயிரோட குடுத்திடுங்க" என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்கூட எனக்குக் கிடைக்கவில்லை. அது போதும் என்பதுபோல் என் கையை அழுத்திவிட்டு, செங்கல்பட்டு வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

பரீட்சையில் எப்படியோ தேறிவிட்டேன். நிம்மதிதான் இல்லை. மனப்பாடம் செய்த சொல் யாருக்கும் பலிக்காது என்று எனக்கு நானே பாடம் எடுத்தேன். மெத்தப் படித்தவள்தான், ஆனாலும் தூங்கப் போனால் காதில் அந்த ஆமேன் கேட்டது. அந்தப் பெண் என்ன ஆனாளோ என்று மனம் அடித்துக்கொண்டது.

மாசி மாதம் ஒரு மத்தியானம். ஊருக்குத் திரும்ப செங்கல்பட்டில் பஸ் ஏறினேன். அதே அக்கா முன்வாசலில் ஏறுவதைப் பார்த்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் ஆஸ்பத்திரி மாத்திரைக் கவரோடு நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"பொண்ணு பொழச்சிகினா கண்ணு," என்றார். டிக்கெட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "புள்ள தங்கல" என்றார்.

இப்போது என்னைக் கேட்பார், அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

"தப்பு எம்மேலதான். பொண்ணு வந்தா போதும்னேன். புள்ளயையும் சேத்து கேக்காம வுட்டுட்டேன். கேட்டத குடுத்தாரு, கேக்காதத எடுத்துகினாரு."

இத்தனை நாளாக இந்தப் பெண்மணி இதைத் தன்னந்தனியாகச் சுமந்துகொண்டு இந்த பஸ்ஸில் போய் வந்திருக்கிறார்.

"அக்கா, கேட்டாத்தான் குடுப்பேன்னு சொல்ல அவர் என்ன ரேஷன் கடையா வச்சிருக்காரு? உங்க மேல ஒரு தப்பும் இல்ல. ஏன் எடுத்தன்னு கேக்கணும்னா, அவரைக் கேளுங்க. நல்லாத் திட்டுங்க."

"சாமியையா?"

"ஆமா. எங்க பைபிள்லயே நிறைய பேர் திட்டியிருக்காங்க. அதைத்தான் நான் வருஷக்கணக்கா படிச்சிட்டு இருக்கேன்."

வெயிலில் பஸ்ஸே கண்ணயர்ந்திருந்தது. கண்டக்டர்கூட இருக்கையில் சாய்ந்திருந்தார். உச்சியில் சிவன் கோயிலோடு திருக்கழுக்குன்றத்து மலை ஜன்னலில் மெல்ல வந்து நின்றது. அதைப் பார்த்தபடி, தூக்கத்தில் பேசுவதுபோல் அவர் ஆரம்பித்தார்.

"மலை மேல கீறவனோ, சிலுவைல கீறவனோ, எவனா இருந்தாலும் கேளு. தூளிக்கு என் கல்யாணப் பொடவய தொவச்சி வெச்சிருந்தேன்யா. எம்பொண்ணு மாரு பால் கட்டிகினு அழுதுச்சேய்யா. உனக்கு இன்னாய்யா கொறச்சல்? ஒரு புள்ளய எங்களுக்கு வுட்டா நீ இன்னா கொறஞ்சா பூடுவ?"

சொல்லச் சொல்ல அழுகை வெடித்தது. முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், நானும் அழுதேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மாமல்லபுரம் வரும் வரைக்கும் அவர் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேன் கண்ணு, பொண்ணுக்கு சோறு ஆக்கணும்" என்று மட்டும் சொன்னார். கடல் காற்றில் அவர் புடவை படபடக்க, தெருவில் நடந்து போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பட்டம் பிறகு கிடைத்தது. அம்மா சபைக்கே கேசரி கிண்டிக் கொடுத்தார். ஜெபமும் எனக்குத் திரும்பி வந்துவிட்டது. ஆனால் அதில் பாதி இன்றைக்கும் சண்டைதான். அப்படிச் சண்டை போடும்போதுதான், எதிரே ஒருவர் இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிகிறது.