அவள் கதவைத் திறக்கவில்லை

முடிந்துபோன கதைக்கு இரண்டாம் பாகம் எதற்கு? சினிமாவைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்பார்கள். இந்த ஒரு படத்தைப் பற்றித் தெரியும்.

முதல் படத்தை நகரியில் தரை டிக்கெட்டில் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குவைத்துக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார் என்று ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்ட காலம். மாம்பழக் கூழ் கம்பெனியில் பழம் அறுத்து மகளை வளர்த்தேன். படத்திலும் அப்படி ஒருத்தி. கடைசியில் ஓடிப்போன புருஷன் வந்து கதவைத் தட்டுவான். அவள் திறக்காமல் சோற்றை வடித்துக்கொண்டிருப்பாள். அதோடு படம் முடிந்தது. விளக்கு போட்ட பிறகும் பெண்கள் பக்கம் யாரும் எழுந்திருக்கவில்லை.

அறுபது வயதில் என் வீட்டுக்காரர் திரும்பி வந்து அவருடைய அக்கா வீட்டில் தங்கினார். திருச்சானூரில் அறுபதாம் கல்யாணம் வைத்து, மறுபடி தாலி கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொந்தக்காரர்கள் முடிவு செய்தார்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

அந்தச் சமயம் பார்த்து அந்தப் படத்துக்கு இரண்டாம் பாகம் வந்தது. கல்யாணப் புடவை எடுக்க என்னையும் மகளையும் திருப்பதிக்கு அழைத்துப்போன நாத்தனார், முதலில் சினிமா என்றார். அன்று திறக்காதவள், நரைத்த தலையோடு அழுதுகொண்டே கதவைத் திறந்தாள். இத்தனை வருஷம் அவள் எப்படிப் பிழைத்தாள் என்பதற்கு ஒரே ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்.

வெளியே வந்ததும் நாத்தனார் ஆரம்பித்தார்.

"பாத்தியாமே, அவளே சேத்துக்கினா. நீ இன்னா அவளவிட ஒசத்தியா?"

"அவ எங்க தொறந்தா? படம் எடுத்தவங்க தொறக்க வெச்சிட்டாங்க" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மகள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"வயசான காலத்துல ஒத்தையா இன்னா பண்ணுவ?"

"இவ்ளோ நாளா பண்ணிக்கினு இருந்ததத்தான்."

பத்திரிகை அடித்தாயிற்று, மானம் போகும் என்று புலம்பிக்கொண்டே அவர் புடவைக் கடைக்குள் போனார். நான் மகளோடு ஊர் திரும்பப் புத்தூர் பஸ் ஏறிவிட்டேன். கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பக்கத்துச் சொந்தம் இன்று வரை என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும். என்னைத் தூக்கிக்கொண்டு போயா மணையில் உட்கார வைக்க முடியும்?