கன்னையனின் துணிக்குன்று

நூலில் கட்டிய காந்தத்தைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போகிறார் கன்னையன். ஞாயிற்றுக்கிழமை காலை. திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின்கள் எல்லாம் ஓய்ந்து கிடக்கின்றன. கூட்டிக் குவித்த பஞ்சுத் தூசிக்குள்ளிருந்து ஒடிந்த ஊசிகள் ஒன்றிரண்டாகக் காந்தத்தில் வந்து தொற்றுகின்றன. ஒவ்வொன்றையும் வேட்டி நுனியில் எண்ணெய் போகத் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கொக்கி மிஞ்சிய ஊசி துப்பாக்கிக்காரன். கொக்கியும் போன ஊசி சமையல்காரன்.

"ஊசி ஒடஞ்சா மொதலாளிக்கு நட்டமுங்க. எனக்கு ஒரு ஆளு சேந்தான்."

பழைய ரப்பர் செருப்பில் சுண்டுவிரல் நகம் அளவு துண்டு நறுக்கி, அதில் ஊசியைக் குத்தி நிறுத்தினால் சிப்பாய் தயார். வாட்ச்மேன் வேலை பார்க்கிற மனிதருக்கு ஐம்பது வயதில் எதற்கு இந்தப் பொம்மை விளையாட்டு என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்ட அன்றே அவரிடம் தோற்றும் போனேன். நூல் ஏஜெண்டாகப் பத்துக் கம்பெனி படி ஏறி இறங்குகிறவன் நான், பேரம் பேசுவதில் என்னை ஒருவரும் மிஞ்சியதில்லை. அந்த மேசையில் மட்டும் தொடர்ந்து பதினான்கு ஞாயிறு தோற்றிருக்கிறேன். எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

மேசை என்பது கட்டிங் மேசை. வாரத்தில் ஆறு நாள் அதன்மேல் பனியன் துணி வெட்டுகிறார்கள். ஏழாம் நாள் அங்கே போர்க்களம் விரிகிறது. காசு போட்டு வாங்கிய சாமான் ஒன்றுகூட அதில் இல்லை. நூல் தீர்ந்த காகிதக் கோன்களைக் கவிழ்த்து வைத்தால் குன்றுக்கு எலும்புக்கூடு. அதன்மேல் மைதாப் பசையில் நனைத்த கழிவுத் துணியைப் போர்த்தி, விரலால் அமுக்கி அமுக்கிச் சரிவும் மடிப்பும் உண்டாக்குவார். பனியன் பெட்டி அட்டை, காவல் அரண். வெளுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தடவினால் ஆறு. கழிவை எடுத்துக்கொள்ள முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. "திங்கக்கெழம காத்தால மேசை காலியா இருக்கோணும், அவ்வளவுதான்" என்பார். அதனால் இரண்டு கையால் தூக்கிப் பரண்மேல் வைக்கிற கனத்துக்குமேல் கன்னையன் குன்று கட்டுவதில்லை.

எத்தனை தடவை கட்டினாலும் ஒரே குன்றுதான். வடக்கு எல்லையில் அறுபத்திரண்டாம் வருஷச் சண்டையின்போது அவர் பட்டாளத்தில் ஹவல்தார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு நேராக மேலே ஏறி அந்தக் குன்றைப் பிடி என்று டெலிபோனில் உத்தரவு வந்தது. உச்சியில் இயந்திரத் துப்பாக்கி. கன்னையன் அண்ணாந்து பார்த்தார். "ஆகாதுங்க" என்று சொல்லிவிட்டு, பத்துப் பேரையும் திருப்பிக் கூட்டி வந்துவிட்டார். பிறகு விசாரணை நடந்தது. சட்டைக் கையிலிருந்த மூன்று பட்டையையும் பிடுங்கிக்கொண்டு, 'உத்தரவுக்குக் கீழ்ப்படியாதவர்' என்று எழுதிய காகிதத்தைக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள்.

ஊர் சும்மா இருக்குமா? தையல் கடை வெள்ளையன் வாயில் அது 'ஓட்டக்கார ஹவல்தார்' ஆயிற்று. டீக்கடையில் கன்னையன் கிளாசைக் கையில் எடுத்தால் போதும், "மெதுவாக் குடிங்க, ஓடிப்போடாதீங்க" என்பான். வேறொருவராக இருந்தால் கிளாஸ் பறந்திருக்கும். கன்னையன் நிதானமாகக் குடித்து முடித்துவிட்டுச் சொல்வார்: "ஞாயித்துக்கெழம வாங்க. எனக்குக் குடுத்த மாதிரியே பத்துப் பேர உங்களுக்குத் தர்றேன். ஏறிக் காட்டுங்க."

வந்தார்கள். தபால்காரர், போலீஸ்காரர், கம்பவுண்டர், கடைசியில் வெள்ளையனே. பித்தளைத் தாயக்கட்டையை உருட்ட வேண்டியது. விழுந்த எண்ணிக்கைக்கு அத்தனை அங்குலம், டேப் வைத்து அளந்து ஆளை ஏற்ற வேண்டியது. அடுத்து இயந்திரத் துப்பாக்கிக்காக அவர் உருட்டுவார். விழுந்த எண்ணிக்கைக்கு அத்தனை ஆள் சாய்வார்கள், ஆனால் துப்பாக்கியின் பார்வையில் பட்டால்தான். அதைக் கண்டுபிடிக்கிற முறைதான் விசேஷம். துப்பாக்கியிலிருந்து ஊசிவரை ஒரு நூலை இழுத்துப் பிடிப்பார். நூல் குன்றில் எங்கேயும் தட்டாமல் போனால் ஆள் தெரிகிறான், செத்தான். தட்டினால் பிழைத்தான். கன்னத்தை மேசையில் ஒட்டி, ஒரு கண்ணை மூடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு பார்ப்பார். இத்தனை பேர் வந்தும் பத்தில் ஓர் ஆள்கூட உச்சியைத் தொட்டதில்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! மூன்று பட்டையும் திரும்பக் கையில் ஏறிய மாதிரி இருக்கும்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு அந்தப் பெருமைக்கு வினை வந்தது. மத்தியானம் சோற்றுத் தூக்குப் போசியோடு வந்தாள் அவர் மனைவி ராமாத்தாள். வெளுப்புப் பட்டறையில் வேலை செய்கிறவள். துணியைத் தொட்டுப் பார்த்தே பேசுகிற பழக்கம். போசியை வைத்த கையோடு குன்றை ஒரு தட்டுத் தட்டினாள். டம்மென்றது.

"ஏனுங்க, இது வெளுக்காத துணியா? தப்பட்டையாட்ட இழுத்துட்டுக் கெடக்குது!"

ஆமாம், வெளுக்காத துணிதான். அதன் பழுப்பு நிறம் மண் மாதிரியே இருக்கிறது, சாயம் மிச்சம் என்று எப்போதும் அதையே எடுப்பார். வெளுக்காத பனியன் துணி நனைந்து காய்ந்தால் சுருங்கும் என்பது திருப்பூரில் பால்குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். பனியன் கம்பெனியில் பத்து வருஷம் குப்பை கொட்டியவருக்குத் தோன்றவில்லை. கன்னையன் குன்றின் நடுச்சரிவைத் தடவிக்கொண்டே நின்றார். சாப்பிட உட்காரவில்லை.

"இங்க ஒரு பள்ளம் இருந்துச்சுங்க" என்றார் என்னிடம். "நெசமான குன்னுல. ஆளுக படுத்தா மேலிருந்து தெரியாது. ஒவ்வொருக்காவும் நான் வெரலால அமுக்கித்தான் வெச்சேன். துணி சுருங்கி, பள்ளத்தத் தூக்கிட்டு வந்துருச்சு. இத்தன வருசமா என்ற கண்ணுக்குத் தெரீல பாருங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. பதுங்க இடமில்லாத குன்றில் ஊரையே ஏறச்சொல்லித் தோற்கடித்திருக்கிறார். தெரியாமல்தான். ஆனால் இது வெளியே தெரிந்தால் வெள்ளையன் விடுவானா? "கன்னையன், இங்கே இருப்பது நாம் மூன்று பேர். விட்டுத் தொலையுங்கள்" என்றேன். நல்லதுக்குத்தான் சொன்னேன்.

மனிதர் என்னை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தார். "பொய்க் குன்னுல செயிச்சு எனக்கு என்னுங்க ஆகோணும்? நான் சொன்னது நெசமின்னா நெசக் குன்னுலயும் நிக்கோணும். நிக்காட்டிப் போகுது!"

என் கண்முன்னாலேயே குன்றைக் கிழித்தார். ராமாத்தாள் தலையிலடித்துக்கொண்டு, "சோறு ஆறுது, மொதல்ல உண்ணுபோட்டு மலையப் பேத்தெறிங்க" என்றாள். மறுநாள் டீக்கடையில் விஷயத்தை அவரே சொன்னார். வேறு யாராவது சொல்லியிருந்தால் எனக்கு இத்தனை வயிற்றெரிச்சல் இருந்திருக்காது.

அடுத்த ஞாயிறு மேசையைச் சுற்றிப் பதினைந்து பேர். வெள்ளையன் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எதிர்க்கோடியில் முதல் ஆளாக நின்றான். குன்று இந்த முறை வெள்ளைவெளேர் என்று இருந்தது. வெளுத்துச் சுருங்கி முடிந்த துணி. நடுச்சரிவில் உள்ளங்கை அகலத்துக்குப் பள்ளம் அப்படியே இருந்தது. ஏற வேண்டிய பத்துப் பேரை என் கையில் கொடுத்தார். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினான்கு தோல்வி உள்ளே இருந்து அரித்துக்கொண்டிருந்தது.

பள்ளத்தை எட்டுவதற்குள் மூன்று பேர் சாய்ந்தார்கள். மிச்சம் ஏழு பேரைப் பள்ளத்தில் படுக்க வைத்தேன். கன்னையன் நூலை இழுத்துப் பிடித்தார். ஏழு தடவையும் பள்ளத்தின் விளிம்பில் நூல் தட்டியது. "தெரீலீங்க. ஏழு பேரும் பொழச்சாங்க" என்று அவரே சொன்னார். அங்கிருந்து கிளம்பி உச்சிக்குப் போவதற்குள் ஐந்து பேர் போனார்கள். மீதி இரண்டு பேரை உச்சியில் குத்தி நிறுத்தி, "பிடிச்சாச்சு!" என்று கத்திவிட்டேன். கத்திய வாயை இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வெள்ளையன் கைதட்டினான். "ஏறலாமுன்னு ஆயிருச்சல்லோ! பத்து வருசமா ஊர ஏச்சுப்போட்டீங்களே, ஹவல்தாரே!"

எல்லோரும் கன்னையனைப் பார்த்தோம். வாசற்படியில் நின்றிருந்த ராமாத்தாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"ஏறலாமுங்க" என்றார். "நான் ஏறவே முடியாதுன்னு இருந்தேன். அது தப்பு. ரெண்டு பேரு ஏறலாம்."

சரிவில் கிடந்த ஊசிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். ஒன்றை விரலில் பிடித்து எங்கள் பக்கம் காட்டினார். "இது அன்னிக்கு நான் திருப்பிக் கூட்டியாந்த தாராபுரத்துச் செல்லமுத்து. இப்ப வெங்காய யாவாரம் பண்றான்." அடுத்தது. "இவன் சாக்கோ. பாலக்காட்டுல பஸ் ஓட்டறான். இவுனுக்குப் போன தையில பொண்ணு கண்ணாலம், நானும் எங்கூட்டுக்காரியும் போயி மொய் எழுதிட்டு வந்தம்." பள்ளத்துக்கு மேலே கிடந்ததைக் குனிந்து எடுத்தார். "இவன் மதுரப் பக்கம். மூத்தவனுக்கு என்ற பேர வெச்சிருக்கான்." இன்னொன்றை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். "இவன் செத்துப்போனான். போன வருசம், குடிச்சுக் குடிச்சு. அது அவனாச் செத்ததுங்க, நாஞ் சாகச் சொன்னதில்ல."

எட்டு ஊசிகளையும் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். குன்றின் இரண்டு பக்கமும் கையை வைத்தார். உச்சியில் அந்த இரண்டு ஊசிகளும் ஆட ஆட, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டே போனார். அது வெள்ளையன் வயிற்றில் போய் இடிக்கிறவரைக்கும் நிறுத்தவில்லை.